இது கலைப்படைப்பா? வட ஆற்காட்டு எடுத்துக்காட்டுகளோடு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்கள் "என்னா வேலைப்பாடு!" என்று வாய் பிளக்கிறார்கள். அதே கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் நடுகல் முன்னால் அரை நிமிடம்கூட நிற்பதில்லை. ஏன் அது கலை, இது வெறும் கல்? கலைத் தத்துவத்தின் மொத்தச் சிக்கலும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், நெசவு வடிவமைப்பாளர்கள், கோயில் திருப்பணிக்காரர்கள் பொதுவாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து. கோட்பாடுகள் பிறந்தது எங்கேயோ, அங்கேயே விட்டிருக்கிறோம்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: கலைப்படைப்பு என்றால் என்ன?

ஒரே வரியில் சொன்னவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு வரியும் எங்காவது ஓரிடத்தில் இடிக்கும்.

கலை என்பது கண்ணால் காணும் உலகின் நகல் என்றார் பிளேட்டோ. வாசலில் போடும் சிக்குக்கோலம் எதன் நகல்? தான் உணர்ந்ததை இன்னொருவருக்கு வேண்டுமென்றே தொற்றவைப்பதுதான் கலை என்றார் டால்ஸ்டாய், 1897இல். அதே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியையே மோசமான கலை என்று தள்ளினார். அப்படியானால் கோளாறு அளவுகோலில்தான். கோடும் வண்ணமும் கூடி அமையும் வடிவம் போதும், கதை வேண்டாம் என்றார் கிளைவ் பெல் (1914). திரௌபதியம்மன் விழாக் கூத்தில் கதையை எடுத்துவிட்டால் விடியவிடிய உட்கார்ந்திருக்க யார் வருவார்கள்? கலையுலகம் என்ற ஏற்பாட்டின் சார்பில் ஒருவர் ரசனைக்காக முன்வைக்கும் செய்பொருளே கலைப்படைப்பு என்றார் ஜார்ஜ் டிக்கி (1974). இது நியூயார்க் கண்காட்சிக் கூடத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்தில் கூத்துக் கட்டியவர்கள் எந்தக் கூடத்தின் சான்றிதழுக்கும் காத்திருக்கவில்லை.

இவற்றில் கடைசி வரையறை வருவதற்கு முன்பே, 1956இல், மோரிஸ் வைட்ஸ் கையை விரித்துவிட்டார். கலை என்பது மூடி முத்திரை வைக்க முடியாத கருத்து, புதிது புதிதாக ஒன்று வந்து எல்லையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்றார். அதற்குப் பிறகும் வரையறைகள் நிற்கவில்லை. பெரிஸ் காட் என்பவர் 2000இல் பத்து அம்சங்களைப் பட்டியலிட்டு, எல்லாமும் இருக்க வேண்டியதில்லை, போதிய அளவுக்குச் சில இருந்தால் போதும் என்றார். வகுப்பில் பாடம் நடத்த இது வசதி. கண்ணெதிரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு முடிவெடுக்க அவ்வளவாக உதவாது.

எங்கள் பரிந்துரை: "கலையா, இல்லையா" என்று தீர்ப்புக் கேட்பதை விட்டுவிட்டு, "இதில் எதை மாற்றினால் எது போய்விடும்?" என்று கேளுங்கள்.

அந்த மாற்றிப் பார்க்கும் சோதனையை எப்படிச் செய்வது?

ஒரு தாள், ஒரு பென்சில், அரை மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் பொருளைப் பார்த்து, பார்ப்பதை மட்டும் எழுதுங்கள். அழகு, அருமை, கலை, தெய்வீகம் ஆகிய சொற்களுக்கு அனுமதி இல்லை. பிறகு ஐந்து விஷயங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் மாற்றுங்கள்: செய்த பொருள், செய்தவர், இருக்கும் இடம், அதன் பயன், பார்ப்பவர். ஒவ்வொரு முறையும் எது அப்படியே நிற்கிறது, எது போகிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. பிறை வடிவில் எண்கள் வெட்டியிருக்கும், மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம் நேரத்தைச் சொல்லும். அதை எடுத்துவிட்டு ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டினால் நேரம் தெரிவது நிற்காது. ஆகவே பயன் ஈடு செய்யக்கூடியது. ஆனால் வெயில் ஏற ஏற நிழல் கல்லின் மேல் நகர்வதைக் கண்ணால் பார்ப்பது போய்விடும். சோதனையில் நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வரிதான். பயனைக் கழித்தபிறகும், கவனித்துப் பார்ப்பதற்கென்று ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சினால் அது எதில் ஒட்டியிருக்கிறது: பொருளிலா, இடத்திலா, செய்தவரிடமா?

மூன்று இடங்களில் இந்தச் சோதனை சறுக்கும். இரண்டு விஷயங்களை ஒன்றாக மாற்றிவிட்டால் இழப்பு எதனால் வந்தது என்று தெரியாது. "எனக்குப் பிடிக்காமல் போய்விடும்" என்று எழுதினால் அது உங்களைப் பற்றிய செய்தி, பொருளைப் பற்றியது அல்ல. மூன்றாவது, பலரும் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். செய்தவரையும் பயனையும் மாற்றும்போதுதான் உண்மையான சிக்கல் வெளியே வரும்.

கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்தால் சந்தேகமே வரவில்லையே. திறமை இருந்தால் கலைதானே?

திறமை இருப்பது வேறு, அது எதற்குச் செலவாகியிருக்கிறது என்பது வேறு. அதே கோயிலில் இரண்டு வேலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு தூணில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிறிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ரிஷப குஞ்சரம் என்பார்கள். காளை உடலைக் கையால் மறைத்தால் அந்தத் தலை யானை, யானை உடலை மறைத்தால் அதே தலை காளை. கையை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முயலுங்கள், முடியாது. கண் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். இதைச் சிமெண்டில் வார்த்தாலும் தாளில் வரைந்தாலும் அந்தத் தாவல் அப்படியே இருக்கும். இதன் உயிர் அமைப்பில் இருக்கிறது.

மண்டபத்தின் முகப்புத் தூண்கள் அப்படியல்ல. பாயும் குதிரை, மேலே வீரன், யாளி, கீழே சிறு உருவங்கள் எல்லாம் ஒரே கருங்கல்லில் செதுக்கியவை. குதிரைக் கால்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிற அளவுக்குக் கல்லைக் குடைந்திருக்கிறார்கள். ஒரு அடி தவறினால் கால் உடைந்து தூணே வீண். இதை ஃபைபரில் அச்செடுத்து நிறுத்தினால் வடிவத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது, ஆனாலும் பெரிதாக ஒன்று போய்விடும். படைப்பு என்பது முடிந்த பொருள் மட்டுமல்ல, அதைச் சாதித்த செயலும்கூட என்று கிரெகரி கரி 1989இல் வாதிட்டார். அவருடைய மற்ற முடிவுகளை ஏற்காவிட்டாலும், இந்தத் தூண்கள் விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம்.

ஸ்தபதி அளவுக் கணக்குப்படிதானே செய்கிறார்? அதில் சொந்தப் படைப்பு எங்கே?

சிற்ப நூல்களில் உருவத்தின் உயர அளவு முறைக்குத் தாலம் என்று பெயர். உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் மொத்த உயரம் 124 அங்குலம், மத்திமம் 120, அதமம் 116, நவதாலம் 108. இந்த அங்குலத்தை ஸ்கேலில் உள்ள அங்குலம் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. சிலை எவ்வளவு உயரமானாலும் அந்த உயரத்தை 124 பாகமாகப் பிரித்தால் வரும் ஒரு பாகம்தான் அது. ஒரு சாண் சிலைக்கும் ஒன்பதடிச் சிலைக்கும் கணக்கு ஒன்றே.

இரண்டாவது தவறு, கணக்கு எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது என்று நினைப்பது. எது எந்த உயரத்தில் வரவேண்டும் என்பதைக் கணக்கு சொல்லும். இமை எவ்வளவு கனமாகத் தாழ்ந்திருக்கிறது, விரல் நுனியில் இறுக்கமா தளர்வா, உடல் வளைவு இடுப்பில் தொடங்குகிறதா முழங்காலிலா என்பதை உளிதான் சொல்ல வேண்டும். தளை தட்டாமல் எழுதிய ஆயிரம் வெண்பாவில் பத்துதான் மனசில் நிற்கிறது, அதுபோலத்தான் இதுவும்.

செங்கல்லுக்கு மஞ்சள் பூசி வேப்பிலை செருகினால் அம்மன் ஆகிவிடுகிறது. கண்காட்சியில் கழிப்பறைப் பீங்கானை வைத்தால் கலை ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதானே?

நல்ல கேள்வி. இரண்டிலும் பொருள் மாறவில்லை, அதைச் சூழ்ந்திருப்பது மாறுகிறது. ஆனால் ஒன்றல்ல.

முதலில் பீங்கான் கதை. 1917இல் நியூயார்க்கில் சுயேச்சைக் கலைஞர்கள் சங்கம் ஒரு கண்காட்சி நடத்தியது. ஆறு டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் வைக்கலாம், தேர்வுக்குழு கிடையாது. மார்செல் டூஷாம்ப் கடையில் வாங்கிய ஒரு சிறுநீர்க் கோப்பையைப் புரட்டிவைத்து, "ஆர். மட்" என்று கையெழுத்திட்டு, 'நீரூற்று' என்று பெயர் சூட்டி அனுப்பினார். எல்லாவற்றையும் ஏற்போம் என்ற சங்கம் இதை மட்டும் காட்சிக்கு வைக்கவில்லை. மூலப் பொருள் பிறகு தொலைந்துபோனது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பின்னாளில் அவர் ஒப்புதலோடு செய்த பிரதிகள்.

1964இல் ஆண்டி வார்ஹோல் பிரில்லோ சோப்பு நார் அட்டைப்பெட்டிகளை ஒட்டுப்பலகையில் செய்து அடுக்கினார். கடைப்பெட்டிக்கும் இதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அதே ஆண்டு ஆர்தர் டான்டோ கேட்டார்: பார்வையில் ஒன்றேபோல் இருக்கும் இரண்டில் ஒன்று படைப்பு, மற்றது பெட்டி என்றால், வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில் இருக்க முடியுமா? அவர் பதில், வேறுபாடு ஒரு கோட்பாட்டிலும் கலை வரலாற்றைப் பற்றிய அறிவிலும் இருக்கிறது. படைப்பு எதையோ பற்றியது, பெட்டி எதைப் பற்றியதும் அல்ல. இதில் ஒரு கிளைக்கதை: கடைப்பெட்டியை வடிவமைத்த ஜேம்ஸ் ஹார்வியே ஓர் ஓவியர்தான். அவர் கித்தானில் வரைந்தவை மறக்கப்பட்டன. கூலிக்கு வடிவமைத்த பெட்டி இன்னொருவர் பெயரில் வரலாற்றில் ஏறியது.

இப்போது செங்கல். அது அம்மனைப் பற்றிய ஒரு கருத்து அல்ல, வணங்குகிறவருக்கு அதுவே அம்மன். அதை விளக்கிப் பொருள் சொல்லும்படி யாரும் கேட்பதில்லை, கற்பூரம் காட்டுகிறார்கள். டூஷாம்பின் கோப்பை விளக்கம் கேட்பதற்காகவே வைக்கப்பட்டது. சூழல் ஒரு பொருளை உருமாற்றும் என்பது மட்டும் கலைக்கான அடையாளம் அல்ல. எந்தச் சூழல், என்னவாக உருமாற்றியது என்று பார்க்க வேண்டும்.

ஜலகண்டேசுவரர் கோயிலில் வெகுகாலம் சாமியே இல்லையாமே. அப்போது அது கலை, இப்போது கோயிலா?

போர்களும் படை நடமாட்டமும் நிறைந்த கோட்டையில் மூலவர் இல்லாமல் அந்தக் கோயில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது, ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்டது. பிறகு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நினைவுச்சின்னமாக இருந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல் திரும்பக் கொண்டுவந்து வைத்து வழிபாடு தொடங்கினார்கள். இந்த மாற்றத்தில் தூண் ஒன்றுகூட நகரவில்லை, மாறியது பயன் மட்டும். ஐந்து மாற்றங்களில் ஒன்று நிஜமாகவே நடந்துவிட்ட அரிய சம்பவம் இது.

என்ன போயிற்று, என்ன வந்தது? 1981க்கு முன் நிதானமாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் தூண்களை மட்டும் பார்க்க முடிந்தது. பிறகு சுற்றி நடப்பதற்கு ஒரு காரணம் வந்தது: மண்டபம் எதற்கு அந்த இடத்தில் இருக்கிறது, ஊர்வலம் எந்தப் பக்கம் வரும் என்பது புரிந்தது. வழிபாடு வந்தால் கலை போய்விடும் என்பது அருங்காட்சியகம் கற்றுக்கொடுத்த பழக்கம். தன் நலம் கலக்காத ரசனையே அழகுத் தீர்ப்பு என்று 1790இல் கான்ட் எழுதியதிலிருந்து அது வளர்ந்தது. வேண்டுதலோடு வருகிறவர் தூணை ரசிக்க மாட்டார் என்று சொல்ல அதில் ஆதாரம் ஏதும் இல்லை.

நடுகல் கலைப்படைப்பா, நினைவுக்கல்லா?

செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், மாடு கவரும் சண்டையில் இறந்த வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாக அதற்கும் எழுத்து வெட்டி, கோவிவன் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். செதுக்கல் ஆழமில்லாதது, உடல் அளவுகள் எந்தத் தாலக் கணக்கிலும் அடங்காது. திறமை அளவுகோலை வைத்தால் இது மண்டபத் தூணிடம் தோற்றுவிடும்.

சோதனையைப் போடுங்கள். கல்லை மாற்றினால் பெரிய இழப்பு இல்லை. செய்தவரை மாற்றினாலும் இல்லை. நாயை எடுத்துவிடுங்கள்: கல்லின் பேச்சே மாறிவிடும். வீரனோடு சேர்த்து ஒரு நாயையும் ஊர் நினைவில் நிறுத்த வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார், அதற்குக் கல்லில் இடமும் ஒதுக்கியிருக்கிறார். அந்த முடிவுதான் படைப்பு. நினைவுக்கல்லாக இருப்பது அதற்குத் தடையில்லை.

ஊர் எல்லையிலிருந்து எடுத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் போவது இன்னொன்று. எந்தத் திசையைப் பார்த்து நின்றது, எந்த மேய்ச்சல் நிலத்தின் ஓரம், யார் பொங்கல் வைத்தார்கள் ஆகிய எல்லாம் போய்விடும். நடுகல்லைப் பதிவு செய்கிறவர்கள் கல்லைப் படம் எடுப்பதற்கு முன் அது பார்க்கும் திசையையும் அருகிலுள்ள நீர்நிலையையும் குறித்துக்கொள்வது நல்லது. கல்லை நகர்த்திய பிறகு இவற்றை மீட்க வழியே இல்லை.

கோலம் மத்தியானத்துக்குள் அழிந்துவிடுகிறது. அழிவதைப் படைப்பு என்று எப்படிச் சொல்வது?

நெல்சன் குட்மன் 1968இல் செய்த ஒரு பிரிவினை இங்கே கைகொடுக்கும். ஓவியத்தில் மூலம், போலி என்ற பேச்சுக்கு இடம் உண்டு. எழுத்திலோ குறியீட்டிலோ பதிந்துவைத்த இசையில் அந்தப் பேச்சு இல்லை: ஸ்வரம் தப்பாமல் யார் வாசித்தாலும் அதுவே அந்தப் படைப்பு. 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை என்று ஒரு கோலத்தைச் சொன்னால் நடு வரிசையில் 15 புள்ளி, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8இல் நிற்கும். மொத்தம் 169 புள்ளி. கம்பி எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்பது தெரிந்தால் காட்பாடியில் போட்டதும் வந்தவாசியில் போட்டதும் ஒரே கோலம். அழிந்தது அன்றைய தரையில் இருந்த மாவுதான்.

ஆனால் இது பாதிப் பதில்தான். சிக்குக்கோலத்தில் கை நிற்காமல் மாவு ஒரே தடிமனில் விழ வேண்டும், கம்பி கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஈரம் அதிகமான தரையில் மாவு ஊறிக் கம்பி பிசிறும், சாணம் தெளித்துக் காயாத தரையிலும் அப்படியே. வளைவை விரைவாக இழுத்தால் திருப்பத்தில் மாவு குவிந்துவிடும். அந்தக் கை ஓட்டம் புள்ளிக் கணக்கில் இல்லை, ஆகவே பத்திரிகையில் அச்சாகும் கோலப் படத்தில் வராது. ஸ்டிக்கர் கோலத்தில் கணக்கு இருக்கும், ஓட்டம் இருக்காது. ஸ்டிக்கர் ஒட்டுவது குற்றமில்லை, ஆனால் அதைக் கோலம் போட்டதாகக் கணக்கில் எடுக்க முடியாது.

கூத்தில் படைப்பு எது? பாட்டா, ஆட்டமா, அந்த இரவா?

இதற்குக் கூத்தையே கேட்கலாம். கட்டியக்காரன் திரைக்கு முன் வந்து ராஜா வருவதை அறிவிப்பான், அடுத்த நொடி ஊரில் நேற்று நடந்த தகராறைக் கிண்டல் செய்வான். அந்தக் கிண்டல் எந்தக் கூத்துப் பிரதியிலும் இல்லை. ஆனால் அவன் இல்லாமல் கூத்து இல்லை. பிரதியை மட்டும் படைப்பு என்றால் அவன் வெளியே நிற்பான்.

இன்னும் கடினமான இடம் படுகளம். பதினெட்டாம் போர் நாள், திரௌபதியம்மன் கோயில் திடலில் ஈர மண்ணைக் குவித்துத் துரியோதனனை மல்லாந்து கிடக்கும்படி செய்வார்கள். பல ஊர்களில் ஐம்பது அடிக்கும் மேல் நீளும். கிரீடம், மீசை, பிதுங்கிய கண் எல்லாம் மண்ணாலும் வண்ணத்தாலும். வேடம் கட்டிய பீமன் அதன் மேலேறித் தொடையில் அடிக்க, உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் பீறிடும். திரௌபதி கூந்தலை முடிவாள். அப்புறம் ஊர்ச் சனம் அந்த உடம்பிலிருந்து கைப்பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போகும்.

அந்த மண்ணுருவை அழியாமல் வைக்க ஃபைபரில் செய்யலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. சோதனைப்படி, பொருளை மாற்றினால் இங்கே எல்லாமே போகும்: அடிபட மண் இல்லை, அள்ளிக்கொண்டு போகவும் மண் இல்லை. உடைபடுவதற்காகவே செய்த படைப்பைப் பாதுகாப்பதுதான் அதைக் கெடுக்கும் வழி.

நம் நூல்களில் இதற்குக் கோட்பாடு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் "எது கலை" என்பதைவிட "பார்ப்பவரிடம் என்ன நடக்கிறது" என்பதில்தான் அவற்றுக்கு அக்கறை. தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நாட்டிய சாஸ்திரமும் எட்டு ரசம் என்கிறது. சாந்தத்தை ஒன்பதாவதாக நிறுத்தி வாதாடியவர் அபிநவகுப்தர். இரண்டு பட்டியலையும் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று வைக்கக்கூடாது. பெருமிதத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு காரணங்கள் கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை. வீர ரசம் என்று மட்டும் மொழிபெயர்த்தால் படித்தவரின் பெருமிதமும் கொடுத்தவரின் பெருமிதமும் விடுபட்டுப்போகும்.

பயன்படுத்துவது எப்படி? துகிலுரிதல் காட்சியைப் பார்த்து "சோகம்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். அழுகைக்கு முதற் காரணமாகத் தொல்காப்பியர் வைப்பது இளிவு, அதாவது பிறர் இழிவுபடுத்துதல். அதற்குப் பிறகுதான் இழப்பு. வெகுளிக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று அலைத்தல், அதாவது துன்புறுத்துதல். ஒரே காட்சியில் அழுகையும் வெகுளியும் எந்த அடியில் கைமாறுகின்றன என்று கவனியுங்கள். பின்பாட்டுக்காரர் குரலெடுக்கும் இடத்தில் பெரும்பாலும் பிடித்துவிடலாம். மேடையில் நடக்கும் துயரம் யாருடைய சொந்தத் துயரமும் அல்ல என்று ஆகிவிடுவதால்தான் அதை அனுபவிக்க முடிகிறது என்பது ரசக் கோட்பாட்டாளர் பட்டநாயகரின் விளக்கம். படுகளத்தில் அருள் வந்து ஆடுகிறவர்களை அந்த விளக்கத்துக்குள் அடக்குவது சிரமம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆரணிப் பட்டு, குடியாத்தம் கைலி... இவை கைத்தொழிலா, கலையா?

என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து செய்தால் அது கைத்தொழில், செய்யும்போதுதான் தெரியவந்தால் கலை என்று 1938இல் காலிங்வுட் கோடு போட்டார். நெசவில் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஜக்கார்டு தறியில் கட்டத் தாளில் வரைந்த டிசைனுக்கு ஏற்ப அட்டையில் துளை போடுவார்கள். பொதுவாக ஓர் ஊடை (குறுக்கு) இழைக்கு ஓர் அட்டை. தறிக்கு வரும் நேரத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. காலிங்வுட் சொற்படி நெய்கிறவர் தொழிலாளி, கட்டத் தாளில் வரைந்தவர் கலைஞர்.

இது அநியாயம் மட்டுமல்ல, தவறும்கூட. கட்டத் தாளில் வட்டமாக வரைந்த புட்டா, ஊடையை அடிக்கும் அழுத்தம் கூடினால் சப்பையாகவும், குறைந்தால் முட்டை வடிவமாகவும் வரும். எவ்வளவு அடித்தால் வட்டம் வட்டமாக நிற்கும் என்பது நெய்பவரின் கைக்குத்தான் தெரியும். முன்திட்டம் இருப்பதால் கலை இல்லை என்றால் கட்டடக்கலை, வெண்கல வார்ப்பு எல்லாவற்றையும் கழித்துவிட வேண்டும்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலில் 1500 கிலோ தங்கமாம். விலை கூடினால் கலை மதிப்பும் கூடுமா?

கூடாது. செம்புத் தகட்டில் உருவங்களைப் புடைத்து அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டிய வேலை அது. புடைப்பு வேலையின் நேர்த்தி செம்பிலேயே முடிந்துவிட்டது. தங்கம் தருவது ஒளியும் காணிக்கையின் கனமும். பக்தருக்கு அந்தக் கனம் முக்கியம், அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டாமல் இருந்தால் சரி.

எதிர்ப்பக்கத்து உதாரணம், மௌரிசியோ கட்டெலான் 2019இல் டேப்பால் சுவரில் ஒட்டிய வாழைப்பழம். 2024 நவம்பர் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவருக்குக் கிடைப்பது சான்றிதழும் ஒட்டும் முறை பற்றிய குறிப்பும்தான், பழத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். அது கலையா என்றால், ஆம், சின்னக் கலை. ஒரு கிண்டலை டூஷாம்ப் நூறு ஆண்டுக்கு முன்பே இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட்டார்.

செயற்கை நுண்ணறிவு போட்ட படம்?

'செய்தவர்' என்ற ஒன்றை மட்டும் மாற்றும் சோதனை இது. வடிவத்தில் இருக்கும் மதிப்பு அப்படியே நிற்கும். காளை–யானை போன்ற கண் விளையாட்டை நிரல் ஒன்று உருவாக்கினால் கண் தாவத்தான் செய்யும். ஆனால் குதிரைத் தூணின் மதிப்பும் கோவிவனின் மதிப்பும் ஒருவர் எடுத்த துணிவிலும் முடிவிலும் இருக்கின்றன. ஆயிரம் விடைகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்து, திருத்தி, ஏன் என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால் அந்த முடிவுகள் அவருடையவை. "அழகான கோயில்" என்று இரண்டு சொல் தட்டிவிட்டு வந்ததை எடுத்துக்கொண்டால் முடிவு எடுத்தவர் யாரும் இல்லை.

சட்டத்தில், இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமான நபரையே ஆசிரியராகக் கொள்கிறது. அமெரிக்காவில் இயந்திரத்தையே ஆசிரியராகப் பதியக் கேட்ட வழக்கு 2023இலும் மேல்முறையீட்டில் 2025இலும் தோற்றது.

நீதிமன்றங்கள் "இது கலை" என்று எப்படி முடிவு செய்கின்றன?

பிரான்குசியின் 'வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் 1926இல் அமெரிக்கா வந்தபோது, சுங்கத்துறை அதைச் சமையலறை, மருத்துவமனைச் சாமான் வகையில் சேர்த்து 40 சதவீத வரி போட்டது. சிற்பத்துக்கு வரி கிடையாது, ஆனால் பறவை மாதிரி இல்லையே என்பது சிக்கல். 1928இல் நீதிமன்றம், இயற்கையைப் பார்த்துச் செய்யாத புதிய கலைப்பாணி ஒன்று வளர்ந்திருப்பதை ஏற்று, வரி இல்லை என்று தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், தத்துவ நூல்களில் பிளேட்டோவின் நகல் கோட்பாடு எப்போதோ தளர்ந்துவிட்டது, சுங்கச்சாவடியில் அதுவரை உயிரோடு இருந்தது.

நம் சட்டம் புத்திசாலித்தனமாக ஒதுங்கிக்கொள்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியம், சிற்பம், வரைபடம், புகைப்படம் ஆகியவை கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'கலைப்படைப்பு'தான். அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, விற்ற பிறகும் தன் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

நெசவு டிசைன் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது 15ஆம் பிரிவு. வடிவமைப்புச் சட்டத்தில் பதியக்கூடிய டிசைனைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கிவிட்டால் அந்த டிசைனுக்குப் பதிப்புரிமை போய்விடும். பதிந்தால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. விற்பனைக்கு விட்ட பிறகு பதியப் போனால், புதிது அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே முதல் சேலை கடைக்குப் போகும் முன் பதிவு.

பழைய சிற்பத்தையும் சுவரோவியத்தையும் சுத்தம் செய்தால் படைப்பு மாறிவிடுமா?

எதைக் கழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குடமுழுக்குக்கு முன் கருங்கல்லின் மேல் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சினால் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டுமல்ல, கல்லின் மெருகும் உளி விளிம்பும் கல்வெட்டு எழுத்தின் ஓரமும் சேர்ந்து போகும். பளிச்சென்று தெரியும் கல் உண்மையில் தோலுரிந்த கல், அடுத்த மழையிலிருந்தே அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் முதல் வழி, உப்புப் பூத்திருந்தால் ஈரக் காகிதக் கூழைப் பூசிக் காயவைத்து உரித்தெடுப்பது அடுத்தது. இரண்டையும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். எனாமல் பெயிண்ட் கூடவே கூடாது: கல்லின் ஈரம் வெளியேற வழியடைத்துப் பொருக்கு விட வைக்கும்.

ஆர்மாமலைக் குகையின் சமண ஓவியங்களோ போளூர் அருகே திருமலை ஓவியங்களோ பார்க்கப் போகிறவர்கள், படம் எடுப்பதற்காகச் சுவரில் தண்ணீர் தெளிக்காதீர்கள். வண்ணம் ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும், ஈரம் காயும்போது சாந்திலுள்ள உப்பு மேலே வந்து வண்ணப் படலத்தைத் தள்ளி உதிர்க்கும். டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், ஏறத்தாழ சுவரோடு ஒட்டிய சாய்வில் பிடித்தால் மங்கிய கோடுகளும் சாந்தின் மேடுபள்ளங்களும் தண்ணீர் இல்லாமலே தெரியும்.